யோசனை மாமா செத்த ஞாயிறு

"எப்ப கொன்னீங்க?"

"கொல்லலை, வரைஞ்சேன். அதைத்தான் நான் முதல்லேர்ந்து..."

"வரைஞ்சீங்களோ கரைச்சீங்களோ, எப்பன்னு கேட்டேன்."

"போன மாசம். அவரு அந்த முடியை..."

"போன மாசமே கொன்னுட்டு, தினம் அவருக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"சாப்பிடாம என்ன பண்றது? அவரு உக்கார்றது அந்தப் பக்கம், நான் உக்கார்றது..."

"மெதுவா பேசுங்க."

"நீதான் கத்தற."

"நான் கத்தலை. அந்தக் குழாயைத் திறந்து விடுங்க, காதுல விழப்போகுது."

கார்ட்டூன்காரர் அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் தொட்டியில் விழுந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் குரலையும் மூடிக்கொண்டது. மனைவி அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் முன்னறையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அவசரம் என்பதே தெரியாத குரல்.

"தங்கச்சி, குழாய் சும்மா ஓடுது. இந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு வாளி."

"பாத்திரம் கழுவறேண்ணே."

"கழுவற சத்தம் வரலியே."

அவள் ஒரு தட்டை எடுத்து இன்னொரு தட்டின் மேல் இடித்தாள். முன்னறை சமாதானமாயிற்று.

முன்னறைக் குரல் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மீட்டரைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். வீட்டைப் பார்த்து யோசனை சொல்லத்தான் நேரம் பிடிக்கும். கதவு ஏன் கிறீச்சிடுகிறது, பிள்ளை ஏன் படிக்க மாட்டேன் என்கிறது, அடுப்பை ஏன் ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கேட்டவர்கள் குறைவு. அதற்காக அவர் சொல்லாமல் இருந்ததில்லை. ஓய்வு பெற்றபின், தனிக்கட்டையாக இருப்பானேன் என்று தங்கச்சி கூப்பிட்டாள். வந்து முன்னறையில் கட்டிலைப் போட்டார். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று அவரே யோசனை சொன்னார்.

போன மாதம் கொல்லப்பட்டவர் அவர்தான். அது அவருக்கு இன்னும் தெரியாது. ஊருக்கும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

கார்ட்டூன்காரர் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே ஒரே தினசரியில்தான் இருந்தார். வானிலைப் படத்துக்கு மேகம் வரைவார், குறுக்கெழுத்துக்குக் கறுப்புக் கட்டம் அடைப்பார். சிரிக்கிற மாதிரி ஏதாவது கொண்டா என்று மேலே இருந்தவர் கேட்டதற்கு, முதலில் ஒரு பூனையை வைத்துச் சித்திரத் தொடர் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒரு திருடனை வைத்துப் போட்டார். காவல் துறையிலிருந்து ஒருவர் வந்து, பூட்டைத் திறக்கும் விதம் சரியாக இருக்கிறது, எங்கே கற்றீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அதோடு அதுவும் நின்றது. அப்புறம் கல்யாணம் ஆயிற்று. புது வீட்டில் திரைக்கம்பி மாட்ட மச்சான் வந்தார்.

"மாப்பிள்ள, ஆணி அடிக்கறதுக்கு முன்னால கேக்கணும்."

"யாரை மச்சான்?"

"சுவத்தை."

சுவரில் காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். இங்கே அடி என்றார். மாப்பிள்ளை அடித்தார். அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்தது. அடுத்த வீட்டுக்காரர் தலையில் சோப்போடு வந்து நின்றார். மச்சான் அவருக்கு, சோப்பை அப்படியே காயவிட்டால் முடி உதிரும் என்று யோசனை சொன்னார்.

அதை அப்படியே நாலு கட்டத்தில் வரைந்து கொடுத்தார் கார்ட்டூன்காரர். ஊர் சிரித்தது. 'யோசனை மாமா' பிறந்தது அன்றைக்கு. பிறகு கார்ட்டூன்காரருக்குக் கற்பனை என்று ஒன்று தேவைப்படவில்லை. மச்சான் பேசினார், இவர் கட்டம் போட்டார். இப்படியே தலை நரைத்துவிட்டது.

மச்சானுக்கு இதில் பெருமைதான். நாலு பேர் கூடும் இடத்தில், "நீங்கதான் யோசனை மாமாவா?" என்று கேட்டால், "ஆமா" என்பார். பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையைக் காட்டி, "வரையறது இவரு" என்பார், வண்டி ஓட்டுகிறவரைக் காட்டுகிற மாதிரி.

ஒரே ஒரு குறை அவருக்கு. யோசனை மாமா வழுக்கை. மச்சானுக்கோ இந்த வயதிலும் சீப்பு உடைகிற முடி.

"எனக்கு எங்க மாப்பிள்ள வழுக்கை இருக்கு?"

"உங்களுக்கு இல்லை மச்சான். மாமாவுக்கு."

"மாமாதானே நான்?"

"தினமும் நாலு தலை வரையணும் மச்சான். முடி வெச்சா நேரமாகும்."

"சோம்பேறித்தனம்னு சொல்லுங்க."

இந்தப் பேச்சு பல வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தது, உப்பு போதவில்லை என்கிற மாதிரி. போன மாதம் ஒரு மத்தியானம் கார்ட்டூன்காரர் பல் டாக்டரிடம் போயிருந்தார். மேஜைமேல் ஒரு வாரத்துப் படங்கள் மை காய்ந்து, பத்திரிகைக்குப் போகத் தயாராக இருந்தன. மச்சான் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். வாரம் முழுக்க, கட்டம் கட்டமாக, எல்லாத் தலைக்கும் முடி வைத்தார். அழியாத மை. கை நடுங்கியதில் சில இடங்களில் முடி காதிலிருந்து முளைத்திருந்தது. ஒரு கட்டத்தில் பக்கத்தில் நின்ற தபால்காரருக்கும் கொஞ்சம் வைத்திருந்தார்.

பாதி வாய் மரத்த நிலையில் திரும்பி வந்த கார்ட்டூன்காரருக்குச் சரியாகத் திட்டக்கூட வரவில்லை. என்ன சொன்னார் என்பது மச்சானுக்குப் புரியவில்லை. ஆனால் நல்லதாக இல்லை என்பது புரிந்தது.

"இப்ப பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போனார்.

கார்ட்டூன்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த மாதத்து ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்க வண்ணப் படத்துக்கான தாளை எடுத்து வைத்துக்கொண்டார். யோசனை மாமா வீட்டில் பீரோவை மாடிக்கு ஏற்றுகிறார்கள். மாமா கீழே நின்றுகொண்டு, இடது பக்கம் சாய், இன்னும் சாய், இன்னும் கொஞ்சம் என்று யோசனை சொல்கிறார். பீரோ விழுகிறது. கடைசிக் கட்டத்தில் தரையில் பீரோ, அதற்கு வெளியே இரண்டு செருப்பு. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தங்கை புருஷன், "இப்ப எந்தப் பக்கம் சாய்க்கறதுன்னு யாரைக் கேக்கறது?" என்கிறான்.

ரப்பரைத் தொடாமல் வரைந்த படம் அது. பல வருஷத்தில் அப்படி ஒன்று அமைந்ததில்லை. அந்தச் சூட்டிலேயே அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரத்துக்கும் வரைந்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், அவர்களுக்கு நாற்காலி போதாமல் நடக்கும் சண்டை. எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முடி முளைத்த படங்களைத் திரும்ப வரைய மட்டும் சிரமப்பட்டார்.

மச்சானும் மாப்பிள்ளையும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. மச்சான் தன் யோசனைகளையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லி, "அவர்கிட்டயும் சொல்லிடு" என்றார்.

அப்புறம் ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படியில் பாதியில் மச்சான் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வரவில்லை. உதடு நீலம். கார்ட்டூன்காரர் வரைகிற நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மச்சானை அதில் வைத்து, அடுத்த வீட்டுக்காரர் ஒரு பக்கம் இவர் ஒரு பக்கமாகக் கீழே இறக்கினார்கள். இறங்குகிற வழியெல்லாம் மச்சான் மூச்சு கிடைத்தபோதெல்லாம், "இடது... பக்கம்... தூக்கு" என்றார். கார்ட்டூன்காரருக்குப் படத்திலிருந்த பீரோ நினைவு வந்தது. நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை. சனிக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும், ஞாயிறு முழுக்க அங்கேதான். எந்த ஞாயிறு என்று நாட்காட்டியைப் பார்த்த கார்ட்டூன்காரருக்கு வியர்த்தது. இவர் முகத்தைப் பார்த்து மனைவிக்கு வியர்த்தது. அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முதல் நாள், கண் முழிச்சதும் அவரு முதல்ல எதைப் பார்ப்பாரு?" என்றாள் மனைவி, ஓடுகிற தண்ணீருக்கு மேலாக.

"கடைசிப் பக்கத்தை."

"அதுல என்ன இருக்கும்?"

"பீரோ."

"வீட்டோட வெச்சு சோறு போடற மாப்பிள்ளைக்குத் தான் செத்தா சந்தோஷம்னு தெரிஞ்சுகிட்டு அந்த மனுஷன் உள்ள போகணும். அப்படித்தானே?"

"சந்தோஷம்னு யாரு சொன்னது?"

"செருப்பு ரெண்டும் தனியா கெடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் குழாயை மூடப் போனார், அவள் தடுத்தாள்.

"போய் வாங்கிட்டு வாங்க."

"எதை?"

"படத்தை. குடுத்த இடத்துல போய்க் கேளுங்க, திருப்பித் தருவாங்க. துணிக்கடையிலயே தர்றாங்க."

பத்திரிகை ஆபீசில் ஞாயிறு இணைப்புக்குப் பொறுப்பாசிரியை ஒருத்தி இருந்தாள். கார்ட்டூன்காரர் சேர்ந்த வருஷம் அவள் பிறந்திருக்கவில்லை. மேஜையில் ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு டப்பா பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும். இரண்டையும் மாறி மாறிக் கடிப்பாள்.

"அச்சாயிடுச்சு சார். கட்டுக் கட்டா அடுக்கியாச்சு. வண்ணப் பக்கம் எப்ப அடிப்போம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். செய்தியைச் சுடச்சுடப் போடுவார்கள். சிரிப்பை ஆறவைத்துத்தான் போடுவார்கள்.

"கட்டைப் பிரிச்சு..."

"பிரிச்சு? ஊருக்கே ரப்பர் வெச்சு அழிச்சுக் குடுக்கறதா?"

"அடுத்த நாள் வர்றதையாவது மாத்திக் குடுக்கறேன். திங்கட்கிழமை எழுந்திருச்சுடட்டும்."

"ஞாயித்துக்கிழமை பீரோ விழுந்து, திங்கட்கிழமை எழுந்திருச்சா, பீரோல என்ன வெச்சிருந்தாங்க, பஞ்சான்னு கேப்பாங்க சார்." அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். "அது மட்டும் இல்லை. உங்க படத்துல ஒரு கோட்டைக்கூட ஆபீஸ்ல யாரும் தொடக் கூடாதுன்னு சண்டை போட்டு விதி வாங்குனது யாரு?"

"நான்தான்."

"நீங்க குடுத்தது எங்ககிட்ட வந்துட்டா அது முடிஞ்ச படம்னு சொன்னதும் நீங்கதான்."

"நான் என் படத்தைத் தொடறதுக்கே..."

"ரொம்ப நல்லா இருக்கு சார். உண்மையா சொல்றேன். அந்தத் துக்க வீட்டு நாற்காலிச் சண்டையைப் படிச்சுட்டு எனக்குப் புரையேறிடுச்சு. இத்தனை வருஷத்துல நீங்க இந்த மாதிரி வரைஞ்சதில்லைன்னு மெஷின் ஹால்ல பேசிக்கறாங்க."

கார்ட்டூன்காரருக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததை நினைத்து உடனே வெட்கப்பட்டார்.

"அந்தக் காகித உருளையில கடைசியா மிஞ்சற துண்டு இருக்குமே, அதுல கொஞ்சம் வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"ஒருத்தருக்கு மட்டும் தனியாப் பேப்பர் போடணும்."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கார்ட்டூன் போடுகிறவர்களிடம் கேள்வி கேட்டால் நேரம்தான் வீண் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் மச்சானை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பத்திரிகைக் காகிதத்தை விரித்தார் கார்ட்டூன்காரர். ஒரே ஒரு வாசகருக்கான கடைசிப் பக்கம். பீரோ விழக் கூடாது, மாமா சாகக் கூடாது. மற்றதெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்க வேண்டும். அச்சில் வண்ணம் என்பது புள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மாமாவின் சட்டை முழுக்கப் பொடிப் புள்ளியாகத்தான் இருக்கும். ஆகவே புள்ளி வைக்க வேண்டும். ஒருத்தர் வைத்தால் ஞாயிறு போய்த் திங்கள் வந்துவிடும். மனைவியும் உட்கார்ந்தாள்.

"நான் சட்டைக்கு வைக்கறேன். நீங்க முகத்துக்கு வைங்க" என்றாள்.

"ரொம்ப நெருக்கமா வைக்காதே. அது நிழல் ஆயிடும்."

"எனக்குச் சொல்லித் தராதீங்க. என் அண்ணன் மாதிரியே பேசறீங்க."

இரண்டு பேரும் குனிந்து புள்ளி வைத்தார்கள். கல்யாணமான நாளாக அவருடைய வேலையில் அவள் கை வைத்தது இதுதான் முதல் தடவை. அவள் புள்ளி அவர் புள்ளியைவிட ஒழுங்காக விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். சொல்லவில்லை.

"முடி வைங்களேன்" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"ஆசைப்பட்டாரு. ஊரா பாக்கப்போகுது? அவர் மட்டும்தானே."

"இத்தனை வருஷம் இல்லாதது ஆபரேஷனுக்கு முதல் நாள் முளைச்சா, சந்தேகம் வராதா?"

"நாலு முடி."

"அந்த நாலு முடிக்குத்தான் இவ்வளவும்."

அவள் சட்டைக்குப் போய்விட்டாள்.

கடைசிக் கட்டத்தில் என்ன செய்வது என்பதுதான் கார்ட்டூன்காரருக்குப் பிடிபடவில்லை. பீரோ பத்திரமாக மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கை புருஷன் என்ன சொல்வான்? யோசித்து யோசித்து, "ரொம்ப நன்றி மாமா, நீங்க இல்லைன்னா முடிஞ்சிருக்காது" என்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். அழித்தார். திரும்பவும் அதையே எழுதினார்.

"நல்லா இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மரியாதையா இருக்கு" என்றாள் அவள்.

ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாகப் பேப்பர் வாங்கி, பக்கத்தின் மேல் பசை தடவி ஒட்டி, ஓரம் தெரியாமல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார்கள். ஆஸ்பத்திரி நுழைவாயில் கடையிலேயே அந்தப் பேப்பர் குவியலாகக் கிடந்தது. கார்ட்டூன்காரர் அதைப் பார்க்காத மாதிரி போனார். வார்டு வாசலில் நின்றிருந்த நர்ஸைத் தனியாக அழைத்தார்.

"ஒரு உதவி. இன்னைக்கு மட்டும் வார்டுக்குள்ள பேப்பர் எதுவும் வராம பாத்துக்கணும்."

"ஏன்?"

"யோசனை மாமா தொடர் படிப்பீங்களா?"

"தினம்."

"அதுல இன்னைக்கு மாமா செத்துடறாரு. உள்ள படுத்திருக்கறது அந்த மாமாதான். அவருக்குத் தெரியக் கூடாது."

நர்ஸின் முகம் விழுந்தது.

"நான் இன்னும் படிக்கலை" என்றாள். "டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போய்தான் படிப்பேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

"மன்னிச்சுக்கங்க."

"எப்படிச் செத்தாரு? வேணாம், சொல்லாதீங்க." உள்ளே போனாள். இரண்டு அடி வைத்துத் திரும்பி வந்தாள். "மூச்சுத்திணறலா?"

"பீரோ."

"அய்யோ பாவம்" என்றாள், படுத்திருப்பவரைப் பார்த்தபடி.

மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேப்பரை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தன் தொடரை அவர் எப்போதும் சிரிக்காமல்தான் படிப்பார், ஜாதகம் பார்க்கிறவர் முகம் மாதிரி வைத்துக்கொண்டு. இன்றைக்கும் அப்படியே படித்தார். கார்ட்டூன்காரர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி பழத்தைத் தோலுரித்தாள். உரித்த பழத்தையே திரும்பவும் உரிக்கப் பார்த்தாள்.

"ம்" என்றார் மச்சான்.

"என்னண்ணே?"

"சரியா இருக்கு." பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "காகிதம் கொஞ்சம் கனமா போடறாங்க இப்ப."

"ஞாயித்துக்கிழமை இல்லையா" என்றார் கார்ட்டூன்காரர்.

திங்கட்கிழமை வால்வு மாற்றினார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவரிடம், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வதைவிட அவரவர் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணச் சொன்னால் நோயாளி பயப்பட மாட்டான் என்று மச்சான் யோசனை சொன்னதாகவும், சொல்லி முடிப்பதற்குள் மயங்கிவிட்டதாகவும் வெளியே வந்து சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மனைவி அப்போதுதான் அழுதாள். கார்ட்டூன்காரரும் கொஞ்சம் அழப் பார்த்தார். அதற்குள் நாளைய கட்டங்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

ஊருக்குத் துக்க வீடு நடந்துகொண்டிருந்தது. அதை மச்சான் பார்க்கக் கூடாது. ஆகவே தினமும் ஒரு தனிப் படம் வரைந்தாக வேண்டும். நல்ல வேளையாக அது கறுப்பு வெள்ளை, புள்ளி வேண்டாம். கார்ட்டூன்காரர் தினமும் மத்தியானம் உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் மாமாவை வரைந்தார். மாமா யாருக்கோ பை தூக்கிக் கொடுத்தார். மாமா மழையைப் பார்த்து ரசித்தார். மாமா தங்கை புருஷனைப் பார்த்து, "நீங்க செய்யறது சரிதான் மாப்பிள்ளை" என்றார். அதை வரைந்த அன்று பேனா இரண்டு தடவை அடைத்துக்கொண்டது.

ஆபீசில் வேறு விதமாக இருந்தது. மாமா செத்ததற்கு வாசகர்கள் தொலைபேசியில் வரிசை கட்டி நின்றார்கள். பாதிப் பேர் அழுதார்கள். பாதிப் பேர், எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு, பீரோ எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். பொறுப்பாசிரியை சந்தோஷத்தில் பென்சிலை விட்டு பிஸ்கட்டை மட்டும் கடித்தாள். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று கைகொடுத்தது. கார்ட்டூன்காரர் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. கையைக் கொடுத்துவிட்டு, பசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மச்சானைத் தனி அறைக்கு மாற்றியபின் ஒருநாள் காலை. மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கார்ட்டூன்காரர் அன்றைய பேப்பரை நீட்டினார். மச்சான் வாங்கவில்லை.

"வெச்சுட்டு உக்காருங்க மாப்பிள்ள."

வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் என்ன பண்றேன்?"

"படிச்சுப் பாருங்க மச்சான்."

"நீங்களே சொல்லுங்க."

"ஒரு குழந்தைக்குப் பலூன் வாங்கித் தர்றீங்க."

"ஏன்?"

கார்ட்டூன்காரருக்கு ஏன் என்று தெரியவில்லை.

"அங்க, ஊருக்கு வர்றதுல என்ன நடக்குது தெரியுமா?" என்றார் மச்சான். "துக்கத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தன் நாற்காலி கிடைக்காம அந்தப் பீரோ மேலயே ஏறி உக்காந்துட்டான். உக்காந்துகிட்டு, இது எப்ப விழுந்துதுன்னு கேக்கறான்." அவருடைய வயிறு லேசாகக் குலுங்கியது. தையல் இழுத்ததில் முகத்தைச் சுளித்தார். "சிரிச்சா வலிக்குது."

கார்ட்டூன்காரர் தான் கொண்டுவந்த பேப்பரை எடுத்து மடித்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார் கடைசியில்.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்தே. நீங்க வர்றதுக்கு முன்னாலேயே பக்கத்துக் கட்டில்காரர் படிச்சுட்டு, என்னைப் பார்த்து எழுந்து உக்காந்துட்டாரு. அவருக்குத்தான் டாக்டர் மாத்திரை குடுத்தாங்க."

"ஒண்ணும் சொல்லலியே மச்சான்."

"என்ன சொல்றது? நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியை வெச்சுகிட்டு நின்னதைப் பார்த்தா, ஆபரேஷன் யாருக்குன்னே சந்தேகமா இருந்துச்சு." தண்ணீர் கேட்டார். கார்ட்டூன்காரர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்தார். "நர்ஸம்மா தினம் ஊர்ப் பேப்பரைக் கொண்டாந்து தந்துடும். உங்களதையும் படிப்பேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிப்பேன். ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"உங்க உயிரோட இருக்கற மாமா நல்லா இல்லை."

"மச்சான்..."

"இருங்க. பேச விடுங்க, மூச்சு இப்பதான் முழுசா வருது. அவன் எல்லாத்துக்கும் தலையாட்டறான். ஒரு யோசனை சொல்லலை. பீரோ மேல போகுது, இவன் கீழ நிக்கறான், கடைசியில நன்றி மாமாங்கறாங்க. எந்த ஊர்ல எவன் எனக்கு நன்றி சொல்லியிருக்கான்? அதைப் படிச்சுட்டுத்தான் எனக்கு உள்ள போக பயமா இருந்துச்சு. இவ்வளவு மரியாதை குடுக்கறாரே, டாக்டர் இவர்கிட்ட தனியா ஏதோ சொல்லியிருக்காரோன்னு."

"அப்படி ஒண்ணும் சொல்லலை மச்சான்."

"பொழைச்சுட்டேனே, தெரியுது." கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தார். "ஆனா அந்தப் பீரோ. அது சுத்தமான வேலை. நான் எப்படி நிப்பேனோ அப்படியே நிக்கறான். கையைக்கூட அப்படித்தான் ஆட்டுவேன். இத்தனை வருஷம் வரைஞ்சதுலயே என்னைச் சரியா வரைஞ்சது அன்னைக்குத்தான். வழுக்கையைத் தவிர."

வராந்தாவில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. யாரிடமோ மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. மீட்டரில் எண்ணைப் பார்க்கிற முகம்தான்.

"தங்கச்சி வர்றதுக்குள்ள சொல்லிடுங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். என்னைக் கொன்ன அன்னைக்கு, படுத்ததும் தூக்கம் வந்துச்சா மாப்பிள்ள?"